உளி விழும் முன்: மென்திசுக் கட்டியின் தரமறியும் இணைப்படவியல்

தசை, கொழுப்பு, நரம்பின் உறை, இரத்தக் குழாயின் சுவர், தசையை எலும்போடு பிணைக்கும் நாண் எனத் தோலுக்கும் எலும்புக்கும் இடையே உடலை நிரப்பி நிற்கும் திசுக்களை மருத்துவ நூல்கள் மென்திசு என்ற ஒரே பெயரால் குறிக்கின்றன. இவற்றில் எழும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. தோளிலோ முதுகிலோ பல ஆண்டுகளாக நெல்லிக்காய் அளவில் நின்று, விரலால் தள்ளினால் நழுவி, வலியேதும் தராமல் இருக்கும் கொழுப்புக்கட்டி இதற்கு எல்லோரும் அறிந்த சான்று. தீங்கற்ற கட்டிகள் நூறு இருந்தால் புற்றுக்கட்டி ஒன்று இருக்கும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. அந்த ஒன்றுக்குத்தான் சார்கோமா என்று பெயர். வயது வந்தோரைத் தாக்கும் புற்றுநோய்களில் இது ஏறத்தாழ 1 விழுக்காடே என்றாலும், ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிந்து கிடப்பதால், செங்கல்பட்டைப் போன்ற ஒரு மாவட்டத்தில் பணியாற்றும் அறுவை மருத்துவர் அவற்றில் பல வகைகளை ஒருமுறைகூடக் காணாமலே ஓய்வுபெறக்கூடும்.

சார்கோமா என்ற பெயர் சதையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. வெட்டியெடுத்த கட்டியைக் குறுக்கே அரிந்தால் வெட்டுமுகம் வெளிர்நிறமும் வழவழப்பும் கொண்டு, கோவளத்திலும் கொக்கிலமேட்டிலும் கரையில் துண்டுபோடும் மீனின் சதையைப் போலவே தெரியும். நோய்க்குறியியல் நூல்களும் அதை மீன்சதைத் தோற்றம் என்றே எழுதுகின்றன. ஆயினும் முழுக் கட்டியும் ஒரே சீரான மீன்சதையாக இருப்பது அரிது. இரத்த ஓட்டம் எட்டாமல் செத்துப்போன நடுப்பகுதி மஞ்சளாகக் குழைந்து கிடக்கும். ஓரிடம் பசைபோல் நெகிழ்ந்திருக்கும். வேறோரிடத்தில் பழைய இரத்தக் கசிவு உறைந்திருக்கும். ஓரத்தில் எங்கோ, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு, வெகுவேகமாகப் பெருகும் உயிரணுக்களின் இறுகிய திரள் ஒன்று ஒதுங்கி நிற்கும். நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தச் சிறு திரளே.

புற்றுநோய் என்று தெரிந்தவுடன் குடும்பத்தார் கேட்கும் முதற்கேள்வி, எந்த ஸ்டேஜ் என்பதாகும். ஸ்டேஜ் எனப்படும் நிலை, நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது. தரம் என்பது வேறு, அது நோயின் இயல்பை, அந்த உயிரணுக்கள் எவ்வளவு மூர்க்கமாகப் பெருகக்கூடியவை என்பதைச் சொல்வது. பல புற்றுநோய்களில் தரம் இரண்டாமிடம் பெறும். மென்திசுச் சார்கோமாவிலோ தரம் தெரியாமல் நிலையையே கணிக்க முடியாது. தாழ்ந்த தரமுடைய கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவின் ஒரு படலத்தோடு சேர்த்து அகற்றிவிட்டால் பெரும்பாலும் போதுமானதாகும். உயர்ந்த தரமுடையது நுரையீரலுக்குத் தாவும் இயல்புடையதாகையால், கதிரியக்கச் சிகிச்சையும் சிலருக்கு வேதிச் சிகிச்சையும் அறுவையோடு சேர்க்கப்படுகின்றன.

உலகெங்கும் இன்று பரவலாகக் கையாளப்படும் தர அளவுகோல், பிரான்ஸ் நாட்டுப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு 1980-களில் உருவாக்கியது. நுண்ணோக்கியின் கீழ் மூன்று செய்திகளுக்கு மதிப்பெண் இடப்படுகிறது. உயிரணுக்கள் தாம் பிறந்த திசுவின் சாயலை எவ்வளவு இழந்துள்ளன என்பதற்கு 1 முதல் 3 வரையும், நுண்ணோக்கியின் உயர்பெருக்கப் புலங்கள் பத்தில் பிளவுபட்டுக்கொண்டிருக்கும் உயிரணுக்கள் எத்தனை என்பதற்கு 1 முதல் 3 வரையும், செத்த திசு எவ்வளவு என்பதற்கு 0 முதல் 2 வரையும் தந்து கூட்டினால், 2 அல்லது 3 வந்தால் முதல் தரம், 4 அல்லது 5 வந்தால் இரண்டாம் தரம், 6 முதல் 8 வரை வந்தால் மூன்றாம் தரம். நன்கு வரையறுக்கப்பட்ட, நம்பத்தக்க முறை இது. ஆனால் அந்தப் பத்துப் புலங்களின் மொத்தப் பரப்பு 2 சதுர மில்லிமீட்டருக்கும் குறைவு. தொடையில் வளர்ந்த 10 செ.மீ. விட்டமுள்ள கட்டியின் பருமனோ அரை லிட்டருக்கு மேல். ஒரு கடுகளவுத் திசு, ஒரு சொம்புத் தண்ணீரளவுக் கட்டிக்காகச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

அறுவைக்கு முன் அந்தத் திசுவைப் பெறுவதற்கு, பென்சில் ஈயத்தின் பருமனுள்ள உட்குழல் ஊசியைச் செலுத்திச் சிறு சிறு துண்டுகளை எடுக்கும் பயாப்ஸி முறையே இன்று வழக்கம். ஊசி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில்தான் சிக்கல். முதியோரின் கைகால்களில் தோன்றும் மிக்ஸோஃபைப்ரோசார்கோமா என்ற வகையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்: அதன் பசைபோன்ற பகுதியில் ஊசி பட்டால், சாயலிழப்புக்கு 2, பிளவுகள் ஆறே இருப்பதால் 1, செத்த திசு இல்லாததால் 0 எனக் கூட்டுத்தொகை 3 ஆகி, முதல் தரம் என்ற முடிவு வரும். அதே கட்டியில் நான்கு விரற்கடை தள்ளி இறுகிய திரளில் பட்டிருந்தால், சாயலிழப்புக்கு அதே 2, பிளவுகள் இருபத்துநான்கு ஆகையால் 3, செத்த திசு சிறிதளவு இருப்பதால் 1 எனக் கூட்டுத்தொகை 6 ஆகி, மூன்றாம் தரம் என்றாகிவிடும். ஆய்வாளர் இருமுறையும் பிழை செய்யவில்லை. தமக்குக் கிடைத்த துண்டைச் சரியாகவே படித்திருக்கிறார். ஊசி போன இடம்தான் தவறு.

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பெற்ற அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் இன்றும் தொழில்புரியும் சிற்பிகளுக்கு இத்தகைய சிக்கல் புதிதன்று. கல்லின் மேனியை, அதன் நிறத்தை, ஓடும் ரேகைகளை முதலில் கண்ணால் ஆராய்வதோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. தட்டி ஓசை கேட்கிறார்கள். மணிபோல் முழங்குவது ஆண்கல், மென்மையாக ஒலிப்பது பெண்கல், ஒலியின்றி மங்குவது அலிக்கல் எனச் சிற்ப மரபு வகுத்து வைத்திருக்கிறது. கண் தருவது உருவத்தைப் பற்றிய செய்தி, காது தருவது உள்ளியல்பைப் பற்றிய செய்தி, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திய பிறகே உளி விழுகிறது. உடற்கூறுப் படமும் வளர்சிதைமாற்றப் படமும் இணைந்து செய்யும் வேலை ஏறத்தாழ இதுவே.

உடற்கூறுப் படம் என்பது சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தருவது. சி.டி. கருவி எக்ஸ் கதிர்களைப் பல கோணங்களில் செலுத்தி, ஒவ்வொரு புள்ளியும் அவற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதை எண்ணாக்குகிறது; நீருக்கு 0 என்றால் கொழுப்புக்கு ஏறத்தாழ கழித்தல் 100, தசைக்கு 50-ஐ ஒட்டி என்று அமையும் இந்த அளவு, கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்குகிறது. கைகால் கட்டிகளைப் பொறுத்தவரை எம்.ஆர்.ஐ. இன்னும் கூர்மையானது. உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் அசைத்து அவை எழுப்பும் சமிக்ஞையைப் படமாக்கும் இக்கருவி, கட்டி எந்தத் தசைக்குள் இருக்கிறது, தசையுறையைத் துளைத்திருக்கிறதா, பெரிய நரம்பையும் இரத்தக் குழாயையும் தொடுகிறதா என்பவற்றையெல்லாம் விளிம்புவிளிம்பாகக் காட்டிவிடும். கட்டிக்குள் நிறங்கள் கலங்கித் தெரிவதும், அதைச் சுற்றி நீர்கோத்திருப்பதும் உயர்ந்த தரத்தை ஐயுறச் செய்யும் குறிகள்தாம். ஆனாலும் அவை குறிகளேயன்றி அளவுகள் அல்ல.

வளர்சிதைமாற்றப் படத்தின் வேர் 1920-களின் பெர்லினில் இருக்கிறது. புற்றுநோய் உயிரணுக்கள், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதுகூட, குளுக்கோஸை அளவின்றி உறிஞ்சி நொதிக்கச் செய்கின்றன என்பதை அங்கே ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தார். இந்தப் பசியைக் கண்ணுக்குத் தெரியச் செய்யும் பொருள்தான் எஃப்.டி.ஜி.: குளுக்கோஸ் மூலக்கூறின் ஓரிடத்தில் உள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் இணையை எடுத்துவிட்டு, அங்கே கதிரியக்கமுள்ள ஃபுளோரின்-18 அணுவை வைத்துச் செய்த போலிச் சர்க்கரை. உயிரணு இதை உண்மைச் சர்க்கரை என்றே நம்பி உள்ளே இழுத்து, முதற்படியாக ஒரு பாஸ்பேட்டையும் ஒட்டிவிடுகிறது. அதற்கு மேல் சிதைக்க முடியாமலும் வெளியே தள்ள முடியாமலும் அது அங்கேயே அடைபட்டுப் போகிறது. பசி மிகுந்த உயிரணுவில் அடைபடும் அளவும் மிகுதி. அடைபட்ட ஃபுளோரின் அணு பாசிட்ரான் என்னும் நேர்மின் துகளை உமிழ, அது ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழிய, எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் பாய்கின்றன. நோயாளியைச் சுற்றியுள்ள வளையத்தின் உணரிகள் இரண்டு ஒரே கணத்தில் ஒளிர்ந்தால், அவற்றை இணைக்கும் நேர்கோட்டில் எங்கோ அந்த அணு இருந்தது என்று பொருள். இத்தகைய கோடுகள் கோடிக்கணக்கில் சேர்ந்து உருவாவதே பெட் ஸ்கேன்.

ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம். சென்னையிலிருந்து செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலை வழியாக 56 கி.மீ. அளவில் இருக்கிறது, நெரிசல் மிகுந்த காலைப்பொழுதில் ஒரு வண்டி இவ்வழியே இரண்டு மணி நேரம் ஊர்ந்தால், ஈயக் கவசப் பெட்டிக்குள் புறப்பட்ட மருந்தில் பாதிக்கும் குறைவே கதிரியக்கத்தோடு வந்து சேரும். ஆகவே எத்தனை நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் எந்த மணிக்கு ஊசி என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட்டே புறப்படும் அளவு முடிவுசெய்யப்படுகிறது. இந்த ஓட்டம் தொடக்கத்திலிருந்தே உள்ளதுதான்: 1976-இல் மனித உடலில் முதன்முதலாகச் செலுத்தப்பட்ட எஃப்.டி.ஜி., நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாராகி, சிறு விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அப்பாஸ் அலவி என்ற மருத்துவரின் கையால் செலுத்தப்பட்டது.

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால் சில கி.மீ. தொலைவிலேயே கல்பாக்கத்தின் அணு உலைகள் இருக்கும்போது, இந்த மருந்து ஏன் வேறெங்கிருந்தோ வர வேண்டும் என்ற ஐயம் எழுவது இயல்பு. அணு உலை நியூட்ரான்களின் ஊற்று. ஃபுளோரின்-18 பிறப்பதற்கோ புரோட்டான் வேண்டும். சைக்ளோட்ரான் எனப்படும் துகள் முடுக்கியில் வேகமூட்டப்பட்ட புரோட்டான்கள், ஆக்சிஜன்-18 என்னும் கனத்த ஆக்சிஜன் செறிந்த நீரைத் தாக்கும்போது அந்த ஆக்சிஜன் ஃபுளோரினாகிறது. உடலுக்குள் போய்ப் பாசிட்ரானை உமிழ்ந்தபின் அதே அணு மீண்டும் ஆக்சிஜன்-18 ஆகிவிடுகிறது. நீரில் தொடங்கிய அணு, தன் வேலையை முடித்துக்கொண்டு பழைய உருவுக்கே திரும்பிவிடும் இந்தச் சுற்று, அணு மருத்துவத்தின் அழகான நிகழ்வுகளுள் ஒன்று. இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-இல் மும்பை பரேலில் உள்ள கதிரியக்க மருத்துவ மையத்தில் இயங்கத் தொடங்கியது. கல்பாக்கத்துக்கும் மருத்துவத்தில் ஒரு பங்கு உண்டு: அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலைச் சோதனை உலையில், எலும்புக்குப் பரவிய புற்றின் வலியைத் தணிக்கும் ஸ்ட்ரான்சியம்-89 உருவாக்கப்பட்டுள்ளது.

பெட் படம் பசியைக் காட்டும், இடத்தைத் துல்லியமாகக் காட்டாது. அதன் நுணுக்கம் சில மில்லிமீட்டர்களோடு நின்றுவிடுகிறது. தொடையில் ஓர் ஒளித்திட்டு தெரிந்தால் அது தசைக்குள்ளா, எலும்பை ஒட்டியா, வெறும் இரத்தக் குழாயா என்று சொல்ல உடற்கூறுப் படம் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக எடுத்துக் கண்ணாலேயே பொருத்திப் பார்த்த காலம் 1998-இல் முடிவுக்கு வரத் தொடங்கியது. டேவிட் டவுன்செண்டும் ரொனால்ட் நட்டும் உருவாக்கிய முன்மாதிரிக் கருவி, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், நோயாளி படுக்கையை விட்டு அசையாமலேயே இரு படங்களையும் அடுத்தடுத்து எடுத்தது. பெட் படத்தை எம்.ஆர்.ஐ.யோடு ஒரே நேரத்தில் எடுக்கும் கருவிகள் 2010-ஐ ஒட்டி மருத்துவமனைகளுக்கு வந்தன. விலை மிகுந்தவை என்றாலும், கதிர்வீச்சு குறைவு என்பதாலும் மென்திசுவை நன்கு பிரித்துக் காட்டுவதாலும், சார்கோமாவுக்கு இந்த இணையே இயல்பில் மிகப் பொருத்தமானது.

சோதனை நாளின் ஒழுங்கு எளியதாகத் தோன்றினாலும் படத்தின் நம்பகத்தன்மை முழுவதும் அதைச் சார்ந்தே இருக்கிறது. ஆறு மணி நேரம் நீரைத் தவிர வேறெதுவும் உண்ணலாகாது. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் சோதனை பெரும்பாலும் தள்ளிவைக்கப்படும், ஏனெனில் மிகுந்திருக்கும் உண்மைச் சர்க்கரை போலிச் சர்க்கரைக்கு வழிவிடாது. சற்று முன்பே இன்சுலின் போட்டு வந்தாலோ அது எஃப்.டி.ஜி.யைத் தசைகளுக்குள் தள்ளிவிடும். நீரிழிவு இவ்வளவு பரவிய தமிழகத்தில் இது ஒவ்வொரு நாளும் எதிர்ப்படும் இடர்ப்பாடு. விடியற்காலையில் கரைவலை இழுத்துவிட்டு வந்த மீனவரைப் படமெடுத்தால், அவருடைய தோளும் முன்கையும் தொடையும் உழைத்த களைப்பில் சர்க்கரையை உறிஞ்சி ஒளிர்ந்து, கட்டியின் ஒளியை மங்கச் செய்துவிடும். ஆகையால் முந்திய நாளிலிருந்தே கடும் உழைப்பு கூடாது என்பதை, அவருடைய தொழிலைக் கேட்டறிந்து எடுத்துச் சொல்வது சோதனையின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். ஊசி போட்டபின் ஏறத்தாழ ஒரு மணி நேரம், பேசாமல், அசையாமல், வெதுவெதுப்பான அறையில் படுத்திருக்க வேண்டும். பிறகு சிறுநீர் கழித்துவிட்டுக் கருவிக்குள் செல்ல வேண்டும்.

ஒளியை எண்ணாக்குவதற்கு எஸ்.யூ.வி. எனப்படும் தரப்படுத்திய உறிஞ்சளவு உதவுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் செலுத்திய மருந்து, படமெடுக்கும் நேரத்தில் 300 மெகாபெக்கரல் கதிரியக்கத்தோடு உடலெங்கும் சீராகப் பரவியிருந்தால் ஒவ்வொரு கிராமிலும் 5 கிலோபெக்கரல் இருக்கும். கட்டியின் ஓரிடத்தில் கிராமுக்கு 50 இருந்தால் அவ்விடத்தின் எஸ்.யூ.வி. 10. இந்த எண் உயர உயர நுண்ணோக்கி காட்டும் தரமும் உயரும் போக்கு உண்டு என்பதைச் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் குழு 2000-இல் வெளியிட்டது. மிகுந்த எண்ணுடையோரின் பிழைப்புவாய்ப்பு குறைவு என்பதை ஜேனட் ஈரியும் உடன் ஆய்ந்தோரும் 2002-இல் காட்டினர். பின்வந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் சென்றன. ஆயினும் இந்த எண்ணுக்கு மேலே மூன்றாம் தரம், கீழே முதல் தரம் என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு கோட்டைக் கிழிக்க இயலாது. கருவிக்குக் கருவி, வகைக்கு வகை எண்கள் மாறுகின்றன, இடைத்தரக் கட்டிகள் இரு பக்கமும் வழிகின்றன. தரத்தைச் சொல்லும் இறுதி உரிமை இன்னும் நுண்ணோக்கிக்கே உரியது.

படம் ஏமாற்றும் இடங்களும் உண்டு. மிக்ஸாய்டு லைப்போசார்கோமா என்னும் வகையில் உயிரணுக்கள் பசைப்பொருளுக்கிடையே சிதறிக் கிடப்பதால், தீயது எனினும் ஒளி குறைவு. நரம்புறையில் வளரும் ஷ்வான்னோமா தீங்கற்றதெனினும் சில வேளைகளில் பளிச்சென்று ஒளிரும். செங்கல்பட்டுப் பகுதியைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றினும் முதன்மையானது காசநோய். கிருமியைச் சூழ்ந்து போராடும் வெள்ளணுக்களும் சர்க்கரையை விழுங்குபவையே. ஆதலால் இடுப்பின் ஆழ்தசையில் சீழ்கட்டிய காசநோய்க்கட்டி, படத்தில் உயர்தரச் சார்கோமாவைப் போலவே எரியும். திருவள்ளூரை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, இம்மாவட்டத்தின் பெயரை உலகக் காசநோய் நூல்களில் நிலையாகப் பதித்திருக்கிறது. வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற அதன் முடிவு அன்று பலரை அதிரவைத்தது. காசநோய் இத்தனை வேரோடிய மண்ணில், மேலை நாட்டு நூல் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு ஒளிர்வதெல்லாம் புற்று என்று படிப்பது பெருந்தவறாகும், எம்.ஆர்.ஐ. காட்டும் சீழின் உருவமும், அருகிலுள்ள முதுகெலும்பின் அரிப்பும்தான் அத்தவற்றைத் திருத்தும்.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்துக்கும் நேர்மையான விடை தர வேண்டும். ஒரு பெட்-சி.டி. சோதனையில் உடல் பெறுவது, சி.டி.யின் தன்மைக்கேற்ப, 10 முதல் 25 மில்லிசீவர்ட் வரை. இயற்கையிலிருந்து மனிதர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரி 2.4. கல்பாக்கம் கரையின் சில மணற்திட்டுகளில் மோனசைட் கனிமத்தில் உள்ள தோரியத்தால் இயற்கையளவு சற்று மிகுதி. காரணமின்றி யாருக்கும் செய்யத்தக்க சோதனை இதுவன்று. தரம் தெரியாமல் கால் போகும் நிலையில் இருப்பவருக்கு இந்த அளவைக் காட்டி மறுப்பதும் முறையன்று.

கால் போகும் என்பது மிகையுரையன்று. கைகால்களில் சார்கோமா வந்தால் அந்த உறுப்பையே துண்டிப்பதுதான் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1982-இல் ஸ்டீவன் ரோசன்பெர்க்கின் தலைமையில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 43 நோயாளிகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு, கட்டியை மட்டும் அகற்றிக் கதிரியக்கச் சிகிச்சை தந்தாலும் உயிர்பிழைப்பு குறைவதில்லை என்று காட்டிய பிறகே அவ்வழக்கம் மாறத் தொடங்கியது. கட்டுமரத்தில் நின்று துடுப்புப் போடுபவருக்கும், சேற்றில் நாற்று நடுபவருக்கும், சம்மணமிட்டு நாளெல்லாம் உளி பிடிப்பவருக்கும் காலைக் காப்பது பிழைப்பைக் காப்பதாகும். அந்த வாய்ப்பைப் பெரிதும் கெடுப்பது, ஆழத்தில் இருக்கும் கட்டியை எந்தப் படமும் எடுக்காமல் கொழுப்புக்கட்டி என்று கருதிச் சிறு மருத்துவமனையில் கீறி எடுத்துவிடுவது. மிச்சமிருக்கும் புற்றணுக்கள் வெட்டிய தடமெங்கும் விதைக்கப்பட்டுவிட, முதலில் ஒரு கோப்பையளவு திசுவோடு முடிந்திருக்க வேண்டிய அறுவை, இரண்டாம் முறை பாதித் தொடையைக் கேட்கும். எலுமிச்சம்பழத்தினும் பெரியது, தசைக்குள் ஆழ்ந்தது, விரைந்து வளர்வது, எடுத்த இடத்திலேயே மீண்டும் வந்தது ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் கத்தியைத் தொடுவதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும், அது ஐயத்தை உறுதிசெய்தால், பெட் படமும் சேரும்போது ஊசிக்கு வழி தெரிகிறது.

அந்த வழி, படத்தின் மிக ஒளிர்ந்த புள்ளியை நோக்கிச் செல்லும் மிகக் குறுகிய கோடாக எப்போதும் இருப்பதில்லை. ஊசி கடந்த தடத்திலும் புற்றணுக்கள் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், பின்னர் கட்டியை அகற்றும்போது அந்தத் தடத்தையும் தோலில் அது பதித்த சிறு புள்ளியையும் ஒரே துண்டாகச் சேர்த்தெடுக்க வேண்டும். ஆகவே அறுவை செய்யப்போகும் மருத்துவரும் கதிரியல் மருத்துவரும் ஒரே திரையின் முன் அமர்ந்து, செத்த நடுப்பகுதியை விலக்கி, பெரிய நரம்பையும் இரத்தக் குழாயையும் தவிர்த்து, வேறு தசைப் பிரிவுக்குள் கடக்காமல், நாளை கீறப்போகும் கோட்டின் மேலேயே விழும்படி அந்தப் புள்ளியைத் தேர்ந்து, நோயாளியின் தொடையில் மையால் குறித்துக்கொள்கிறார்கள்.